காத்து இல்லாத நாளிலும் சுத்திய காத்தாடி

ஒலக்கூர்
18.5.2025

அன்புள்ள மாப்ள வல்லரசுக்கு உன் தாய்மாமன் அப்பாதுரை எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் நல்லாத்தான் இருக்கோம். அங்க ஜெயில் சோறு வயித்துக்கு ஒத்துக்குதா, கொசு கடிக்குதா, முதுகு வலி எப்படி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் போடு. போன்ல உன் குரலைக் கேட்டாலே அக்காவுக்கு அழுகை வந்து மூச்சு இழுத்துக்குது, லெட்டரே போடுங்க மாமான்னு சொன்னியே, அதுவும் நல்லதுதான். எட்டாங்கிளாஸ்ல என் கட்டுரையைப் படிச்சிட்டு ஹெட்மாஸ்டர் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

விஷயம் இதான். மல்லாட்டைக் கொல்லையில பன்னிக்கு நீ போட்ட கரண்ட் வேலியில சேரன் செத்த அன்னைக்கே கரண்ட் ஆபீஸ்காரங்க வீட்டு மீட்டரைக் கழட்டிக்கினு போனாங்க இல்ல, கேஸ் முடியாம திருப்பித் தர மாட்டாங்களாம். அந்த ஆபீசர்கிட்ட நான் சட்டம் பேசுனேன் பாரு, மனுஷன் எழுந்து நின்னு எனக்கு நாற்காலி போட்டாரு. ஆனா லைன் தரல. தெருவுல எவனும் ஒயர் இழுத்துக்க விடல. கேக்கவும் வாய் வரல. சேரன் பொண்டாட்டி பொன்னி ரெண்டு வீடு தள்ளித்தான இருக்கா.

அக்காவுக்கு மருந்தை ஆவியாக்கி மூச்சுல குடுக்கிற மெஷின் மூணு வேளையும் ஓடணும். குவாரியில கல்லு ஒடைச்சி ஒடைச்சி நெஞ்செல்லாம் தூசி. வீட்டுல பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்ததால தப்பிச்சோம். பேட்டரியை டி.வி.எஸ்.ல கட்டிக்கினு திண்டிவனம் பட்டறைக்குப் போயி நான்தான் சார்ஜ் ஏத்திக்கினு வர்றேன்.

இனி அந்தப் பேஜாரு கெடையாது. வீட்டுக்கு மேல காத்தாடி போட்டு கரண்ட் எடுக்கப் போறேன். தெக்க காத்தாலை நிறுத்துனப்ப தலைமை வெல்டர் நான்தான்னு உனக்குத் தெரியும். நீ டிப்ளமோ படிச்சவன், அளவை மட்டும் எழுதி அனுப்பு, மீதியை என் கை பாத்துக்கும். ஜாமீன் கையெழுத்துக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. நல்ல ஆளா பொறுக்கிக்கினு இருக்கேன்.

எழுதுனதை அக்காவுக்குப் படிச்சிக் காட்டணுமாம். கடைசியில அது சொல்றதை ஒரு எழுத்து மாத்தாம போடணுமாம். திருவக்கரை வக்கரகாளி மேல சத்தியம் வாங்கிடுச்சி.

அம்மா சொல்றது: தெக்க இவன் ஒரு வாரம் இருந்தான். சோறு ஒத்துக்கலன்னு ஓடியாந்துட்டான். கையெழுத்துக்கு ஒருத்தரும் வரல. நீ மனசை விட்டுடாத.

உன் மாமன்,
அப்பாதுரை


விழுப்புரம்
1.6.2025

மதிப்புள்ள மாமாவுக்கு வல்லரசு வணக்கம். முதுகு வலி பரவாயில்லை. கொசு உண்டு. சோறு சோறுதான். அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு? நீங்க வெல்டிங் வைக்கும்போது கண்ணாடி போடறீங்களா?

காத்தாடி நல்ல யோசனை மாமா. ஆனா ஒரு கணக்கை மனசுல வச்சிக்குங்க. காத்து வேகம் பாதியானா கரண்ட் பாதியாகாது, எட்டுல ஒரு பங்காயிடும். அதனால பெருசா ஆசைப்படக் கூடாது. அம்மா மெஷினுக்கும் ஒரு பல்புக்கும் தாங்கும், அவ்வளவுதான்.

றெக்கை மூணு. முனைக்கு முனை ஆறடி. பி.வி.சி. பைப்பை நீளவாக்குல அறுத்து இழைச்சா போதும். காயலாங்கடையில பழைய டிரெட்மில் மோட்டார் கிடைக்கும். உள்ள காந்தம் இருக்கு, வெளியில இருந்து சுத்தி விட்டா கரண்ட் தரும். மாடியில வைக்காதீங்க, சுவர்ல மோதி காத்து சுழலும். கொல்லைப்பக்கம் தனிக் கம்பம், வேப்பமரத்தை விட உயரமா.

முக்கியமானது டயோடு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், கம்பத்துலேர்ந்து பேட்டரிக்கு வர்ற ஒயர்ல போடணும். கிணத்து பைப்புல ஃபுட்வால்வு இருக்கிற மாதிரி, ஏறின கரண்ட் திரும்பி இறங்காம பிடிச்சிக்கும். அதை மறந்துடாதீங்க.

ஆடி வரைக்கும் கடல் காத்து வரும். புரட்டாசியில விழுந்துடும். அப்ப காத்தாடி நிக்கும். நிக்கறதுதான் சரி. அந்த மாசம் பழையபடி பேட்டரியைப் பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க.

அம்மாவை வேளைக்கு மருந்து எடுக்கச் சொல்லுங்க.

வல்லரசு


ஒலக்கூர்
6.7.2025

அன்புள்ள மாப்ள வல்லரசுக்கு மாமன் அப்பாதுரை ஆசீர்வாதத்தோட எழுதுறது. நாங்க சுகம். நீ சுகமா இருக்கியான்னு கேக்கிறதை விட, இதைப் படிச்சா சுகமாயிடுவேன்னு எழுதுறதுதான் சரி.

காத்தாடி ஏறிடுச்சி. கம்பம் நிமிர்ந்தப்ப ஊரே கூடிட்டுது. டீக்கடை வெங்கடாசலம் பாலை அடுப்புல வச்சதை மறந்துட்டு ஓடியாந்தான், பொங்கி ஊத்திடுச்சி, நஷ்டத்தை நான் தரணுமாம். றெக்கை சுத்துற வேகத்துல காக்கா வழி மாறிப் போவுது. மூணு பல்பு, ஒரு ரேடியோ, அக்கா மெஷின், எல்லாம் ஜம்முனு ஓடுது. மரக்காணம் ரோட்டுல பஸ்ஸுல போறவன் ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறான். ஒரு காலேஜ் வாத்தியாரு வந்து அளவெடுத்துக்கினு போனாரு. நீ சொன்ன ஆறடியை நான் ஆறரையா ஆக்கிட்டேன். பயப்படாத, என் கைக்கு அது தெரியும்.

டயோடும் போட்டாச்சு. இம்மாத்தூண்டு சாமானுக்கு நீ இம்மாம் பெரிய பாரா எழுதுனதுதான் வேடிக்கை.

பேட்டரியைக் கட்டிக்கினு திண்டிவனம் போறதை விட்டுட்டேன். வழியில கேக்குறானுங்க, என்னா அப்பாதுரை, வண்டியில பேட்டரி இல்லன்னா உன் முதுகே வேற மாதிரி இருக்கேன்னு.

அம்மா சொல்றது: பல்பு ஒண்ணுதான் எரியுது. ரேடியோ நம்ம வீட்டுல இல்ல. மெஷின் ஓடுது. நேத்து படுத்துத் தூங்குனேன், ஒக்காந்து இல்ல.

உன் மாமன்,
அப்பாதுரை


விழுப்புரம்
18.7.2025

மதிப்புள்ள மாமாவுக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். அம்மா படுத்துத் தூங்கினது என்கிற வரியை இங்க கூட இருக்கிறவங்க எல்லாருக்கும் படிச்சிக் காட்டினேன். யாருக்கும் ஒண்ணும் புரியலை. நல்லதுன்னு மட்டும் சொன்னாங்க.

இங்க சுவருக்கு மேல ஒரு வேப்பமரத்தோட உச்சி தெரியும். அது ஆடறதை வச்சி உங்க காத்தாடி எவ்வளவு தரும்னு கணக்குப் போடறேன். நேத்து நல்லா ஆடிச்சு. இன்னைக்கு சுமார். விழுப்புரத்துக்கும் ஒலக்கூருக்கும் ஒரே காத்துதான்னு வச்சிக்கிறேன்.

ஆறரை அடி பரவாயில்லை. காத்து பலமா அடிச்சா, பின்னாடி திசை திருப்பற வால்தகடு மடங்குதான்னு பாருங்க. வாரம் ஒரு தடவை பேட்டரி வோல்ட்டைப் பாருங்க. பன்னெண்டுக்குக் கீழ வந்தா பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, யார் என்ன சொன்னாலும்.

சேரன் வீட்டுல பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுதா? நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம்.

வல்லரசு


ஒலக்கூர்
2.9.2025

அன்புள்ள மாப்ளைக்கு மாமன் எழுதுறது. அக்காவுக்கு இருமல் கொஞ்சம் உண்டு, மத்தபடி சுகம். உனக்குத் தலைவலி கிலைவலி இல்லியே.

பௌர்ணமிக்குத் திருவக்கரை போற வண்டிங்க எல்லாம் இப்ப நம்ம தெரு வழியாத்தான் சுத்திக்கினு போவுது, காத்தாடியைப் பாக்க. மொதல்ல காளியைக் கும்புடு, அப்புறம் இதைப் பாருன்னு நான்தான் அனுப்பி வைக்கிறேன். ஆளாளுக்கு எனக்கொண்ணு எனக்கொண்ணுன்னு கேக்குறாங்க.

ஒரே ஒரு கொறை. காத்து சரியில்ல. நாலு நாளா றெக்கை நின்னுக்கினே இருக்குது. நின்னா பரவாயில்ல மாப்ள, நிக்கிறதை ஊரே பாக்குது. வெங்கடாசலம் டீ ஆத்திக்கினே கேக்குறான், "என்னாப்பா, டிரைவர் சாப்பாட்டுக்குப் போயிட்டாரா?" அவன் மச்சான் சொல்றான், "இல்ல மாமா, டீசல் தீந்துடுச்சி." கடையே சிரிக்குது. அந்தப் பக்கம் போற பொன்னி மட்டும் சிரிக்கல. மேல பாத்துட்டுப் போயிட்டா. அவ ஏன் பாக்கணும்? பசங்க ரெண்டும் ஸ்கூலுக்குத்தான் போவுதுங்க.

பேட்டரியைத் தூக்கிக்கினு திண்டிவனம் போன்னு அக்கா சொல்லுது. பட்டப்பகல்ல அந்த டீக்கடை வழியா நான் பேட்டரியோட போனா என் மானம் என்னாவுறது? யோசிச்சிக்கினு இருக்கேன். இதுக்கும் ஒரு வழி இருக்கும்.

அம்மா சொல்றது: திருவக்கரை வண்டி ஒண்ணு வந்துச்சி, வழி தெரியாம. நேத்து இவன் பேட்டரியைக் கொண்டு போயி ஏத்தியாந்தான், இருட்டுனப்புறம் போனான். திருடன் மாதிரி எதுக்குப் போற, நம்ம பேட்டரிதானன்னு கேட்டேன்.

உன் மாமன்,
அப்பாதுரை


ஒலக்கூர்
21.9.2025

அன்புள்ள மாப்ள வல்லரசுக்கு, உன் பதில் இன்னும் வரல, இருந்தாலும் சந்தோஷம் தாங்காம எழுதுறேன். நாங்க சுகம். நீ சுகமாத்தான் இருப்ப.

கண்டுபுடிச்சிட்டேன். உன் பாலிடெக்னிக்ல சொல்லித் தராததை எட்டாங்கிளாஸ் அப்பாதுரை கண்டுபுடிச்சிட்டான். முந்தாநேத்து கொஞ்சம் காத்து அடிச்சப்ப அந்த டயோடைத் தொட்டுப் பாத்தேன், சுடுது. சுடுதுன்னா என்னா அர்த்தம்? கரண்டைத் தின்னுதுன்னு அர்த்தம். வெட்டி எறிஞ்சிட்டு ஒயரை நேரா முறுக்கினேன். அடுத்த நொடி றெக்கை தானா கிளம்புது. வேப்பமரத்துல ஒரு எலை அசையல, காத்தாடி ஜல்தியா சுத்துது. அதுதான் இத்தினி நாளும் பிரேக் மாதிரி புடிச்சிக்கினு இருந்திருக்கு.

இப்ப காத்து இருந்தாலும் சுத்துது, இல்லன்னாலும் சுத்துது. ராவும் பகலும் நிக்கிறதே கெடையாது. வெங்கடாசலம் ஈரத்துணியை மேல தூக்கிப் புடிச்சி காத்து இருக்கான்னு பாத்தான். காத்து இல்ல. வாயைப் பொத்திக்கினு போயிட்டான். அவன் மச்சான் வந்து ஒரு போட்டோ எடுத்துக்கறேன்னான். எடுத்துக்கோன்னேன்.

இனிமே பேட்டரியைத் தூக்க வேண்டிய வேலையே இல்ல. காத்தாடி சுத்தினா கரண்டு வருது, அவ்வளவுதான கணக்கு?

அக்கா தூங்குது. அது சொல்றதை அடுத்த லெட்டர்ல எழுதுறேன்.

உன் மாமன்,
அப்பாதுரை


விழுப்புரம்
3.10.2025

மாமாவுக்கு வணக்கம். உங்க லெட்டர் இன்னைக்குத்தான் என் கைக்கு வந்தது. ஆபீஸ்ல கேட்டு உங்களுக்குப் போன் போட்டேன், ரெண்டு தடவையும் ஸ்விட்ச் ஆஃப்னு வந்தது. அதனால இதை எழுதித் தர்றேன், எப்ப சேரும்னு தெரியலை.

மாமா, இதைப் படிச்ச உடனே கொல்லைக்குப் போய் ஒயரைக் கழட்டுங்க. அது டிரெட்மில் மோட்டார். சுத்தி விட்டா கரண்ட் தரும். கரண்ட் விட்டா சுத்தும். டயோடு இல்லைன்னா, காத்து இல்லாதப்ப பேட்டரியில இருக்கிற கரண்ட் திரும்பி மேல ஏறி மோட்டாரைச் சுத்துது. காத்தாடி பேட்டரியை ஏத்தலை மாமா. பேட்டரிதான் காத்தாடியைச் சுத்துது. ஃபுட்வால்வைக் கழட்டிட்டா ஏத்தின தண்ணி கிணத்துக்கே திரும்பிப் போகும் இல்லையா, அதேதான்.

இன்னொண்ணு. பேட்டரி இறங்கினா இன்வெர்ட்டர் முதல்ல நின்னுடும். மெஷினும் நின்னுடும். அதுக்கப்புறமும் காத்தாடி சுத்திக்கிட்டே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

பேட்டரியை இன்னைக்கே பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. பகல்லயே போங்க. யார் சிரிச்சா என்ன?

அம்மா சொன்னதை ஏன் எழுதலை? நீங்க லெட்டர் படிச்சிக் காட்டற நேரத்துல அது தூங்காதே.

உடனே பதில் போடுங்க.

வல்லரசு


திண்டிவனம்
30.10.2025

அன்புள்ள மாப்ள வல்லரசுக்கு மாமன் அப்பாதுரை எழுதுறது. எல்லாரும் சுகம். பதில் போட நாளாயிடுச்சி, பட்டறையில வேலை தலைக்கு மேல. தீபாவளிக்கு ஜெயில்ல இனிப்பு போட்டாங்களா? மழை அங்க எப்படி? இங்க தெருவெல்லாம் தண்ணி.

உன் லெட்டர் வந்துச்சி. நீ சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சாச்சு. நீ கவலையே படாத. உன் கேஸ் விஷயமா வக்கீலைப் பாத்தேன், பெரிய வக்கீலு, ஜட்ஜே அவரைப் பாத்தா சிரிப்பாரு. சீக்கிரம் ஜாமீன் வாங்கிடலாம்னாரு. மனு போட்டு உன்னைப் பாக்க வரணும்னு நெனக்கிறேன், மழை விடட்டும். நீ அம்மாவைப் பத்தி நெனச்சிக்கினு சாப்புடாம இருக்காத. வேளைக்குச் சாப்புடு. அதான் முக்கியம்.

அம்மா சொல்றது: என் தம்பி அப்பாதுரை மாதிரி ஒரு ஆம்பளை இந்த ஜில்லாவுலயே கெடையாது. என்னை ராஜாத்தி மாதிரி வச்சிக்கினு இருக்கான். எனக்கு இப்ப மூச்சுத் தொந்தரவே இல்ல. நீ எதுக்கும் கவலைப்படாத கண்ணு.

உன் மாமன்,
அப்பாதுரை


விழுப்புரம்
8.11.2025

மாமா,

லெட்டர் திண்டிவனத்துலேர்ந்து எழுதியிருக்கீங்க. அம்மாவைத் தனியா விட்டுட்டு நீங்க பட்டறையில படுக்க மாட்டீங்க.

காத்தாடியைப் பத்தி ஒரு வரி கூட இல்லை.

கடைசியில அம்மா சொன்னதா ஒண்ணு எழுதியிருக்கீங்க. இந்த இருபத்தாறு வருஷத்துல அம்மா என்னை ஒரு நாளும் கண்ணுன்னு கூப்பிட்டது இல்லை. உங்களைப் பாராட்டினதும் இல்லை. காளி மேல சத்தியம் பண்ணிட்டு எழுதற இடம் அது.

என்னைக்கு, எப்படின்னு மட்டும் எழுதுங்க. வேற எதுவும் வேண்டாம்.

வல்லரசு


ஒலக்கூர்
19.11.2025

வல்லரசுக்கு,

அப்பாதுரை எழுதுறேன்.

செப்டம்பர் முப்பது, செவ்வாக்கெழமை மத்தியானம். டயோடு இல்லன்னா என்னாவும்னு நீ எழுதுன அன்னைக்கு அக்காவுக்குப் பால் தெளிச்சி முடிச்சாச்சு. உன் லெட்டர் கருமாதிக்கு மொத நாள் வந்துச்சி.

அன்னைக்கு மேல்சித்தாமூர்லேர்ந்து ரிஷபநாதன்னு ஒருத்தர் வந்திருந்தாரு. நெல்லு யாவாரி. தோட்டத்துக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும்னாரு. கம்பத்தடியில நிக்க வச்சி காமிச்சிக்கினு இருந்தேன். எலை ஆடல, காத்தாடி சுத்துது. அவரு மேலயே பாத்துக்கினு நிக்கிறாரு. உள்ள டம்ளரைத் தரையில தட்டுற சத்தம் கேட்டுச்சி. காப்பி குடிக்கக் கூப்புடுதுன்னு நெனச்சி, இரு அக்கா வர்றேன்னு சொன்னேன். திரும்பவும் தட்டுச்சி. இரு அக்கா, ஆளு வந்திருக்காங்கன்னேன். அப்புறம் தட்டல.

அவரை அனுப்பிட்டு உள்ள போனேன். மெஷினோட மூக்குமூடி கையில இருந்துச்சி. இன்வெர்ட்டர்ல செவப்பு லைட்டு. நீ எழுதுன மாதிரியேதான். மெஷின் ஓட பேட்டரி பத்தல, காத்தாடி சுத்தப் பத்துச்சி.

நான் கத்துன சத்தத்துக்கு பொன்னி ஓடியாந்தா. அக்காவைப் பாத்தா. திரும்பி வீட்டுக்கு ஓடுனா, ஒயரும் ஜங்ஷன் பாக்ஸும் இழுத்துக்கினு வந்தா. மெஷினைப் போட்டோம். ஓடுச்சி. அக்கா இல்ல.

அவ சொன்னா: "காலையிலேர்ந்து அந்தம்மா இருமுனது கேட்டுக்கினுதான் இருந்தேன். எட்டி மேல பாத்தேன். உங்க காத்தாடி சுத்திக்கினு இருந்துச்சி. சரி, கரண்டு இருக்கு, மெஷின் ஓடுதுன்னு உள்ள போயிட்டேன். போன மாசம் அது நின்னப்ப ஒயரை எடுத்து வாசல்லயே வச்சிருந்தேன். கேப்பீங்கன்னு பாத்தேன்."

நான் கேக்கல. அவளே வந்து குடுப்பான்னு எனக்குத் தெரியாது.

கொள்ளி நான் வச்சேன். உன்னைக் கூட்டியார மனு போடலாம்னு வக்கீல் சொன்னாரு, வேணாம்னுட்டேன். நீ வந்தா மொதல்ல மேல பாத்திருப்ப.

றெக்கையைக் கயித்தால கட்டிட்டேன். இப்பத்தான் மழைக்காத்து நல்லா அடிக்குது. கட்டுனதை இழுத்துக்கினு நிக்குது. எறக்கலாமா வேணாமா, நீ எழுது.

செப்டம்பர் லெட்டர்ல அக்கா தூங்குதுன்னு எழுதுனேன். தூங்கல. நான் படிச்சதை முழுசாக் கேட்டுட்டு ஒண்ணு சொல்லுச்சி. எனக்குக் கோவம் வந்து எழுதாம விட்டுட்டேன். ஒரு எழுத்து மாத்தாம இப்ப எழுதுறேன்.

அம்மா சொல்றது: காத்தே இல்ல. அது எதைத் தின்னுட்டு சுத்துது? என்னான்னு பாத்து இவனுக்குச் சொல்லு.